ஒயின் பாய் குடிக்காத ஒயின்

போன வாரம் திருச்செங்கோட்டில் ஒரு மதுவிலக்குக் கூட்டம். என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வாரா வாரம் பத்திரிகையில் எழுதுகிறவன் என்றால் எல்லா விஷயமும் தெரிந்தவன் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. மாலை போடுகிறார்களே!

முக்கால் மணி நேரம் பேசினேன். குடித்தால் குடல் என்ன ஆகும், குடும்பம் என்ன ஆகும் – ஒன்றையும் விடவில்லை. முடிக்கிற நேரத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்தார். தலையில் உருமால், கையில் தடி.

"ஏனுங்க, ஒரு சந்தேகமுங்க. இத்தன வெவரமாச் சொல்றீங்களே, நீங்க ஒரு வாயாச்சும் குடிச்சுப் பாத்திருக்கறீங்களா?"

கூட்டம் சிரித்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இல்லை" என்றேன். கணீரென்று சொன்னேன்.

உடனே பின்னாலிருந்து ஒரு குரல்: "அவுருக்கு என்னங்க தெரியும்? நம்ம ஒயின் பாயக் கேளுங்க. ருசி ருசியாச் சொல்லுவாரு!"

இந்தத் தடவை சிரிப்பு இன்னும் பலமாக இருந்தது. எல்லோரும் இரண்டாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே வெள்ளைத் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் பெயர் காதர் பாய். சமையற்காரர். ஆயுளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. இது இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். ஏன் தெரியுமா? அவர் தலையில் பழியாக விழுந்த அந்த ஒயினைக் குடித்தவன் நான்.

ஆமாம், மேடையில் சொன்னது பொய். நான் குடித்திருக்கிறேன். ஒரே ஒரு மிடறு... என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது உலக யுத்தத்துக்கு முந்திய சமாசாரம் இது. அப்போது நான் பத்திரிகைக்கு வந்திருக்கவில்லை. சேலத்துக்கு வெளியே வெள்ளைக்கல் வெட்டுகிற ஒரு இங்கிலீஷ் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். பரமத்திப் பக்கம் பண்ணையக்காரர் வீட்டுப் பிள்ளை. கம்மஞ்சோறும் எருமை மோருமாக வளர்ந்த உடம்பு. கள்ளைக்கூட மரத்தில் கட்டிய முட்டிப் பானையாகத்தான் பார்த்திருக்கிறேன்.

நம் ஜில்லாவுக்கு மதுவிலக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் பர்மிட் உண்டு. எங்கள் மானேஜர் துரை சட்டத்துக்கு ரொம்பப் பயந்த மனிதர். பாட்டில்களைப் பங்களாவில் வைத்தால் வேலைக்காரர்கள் மேல் பழி வரும் என்று, எல்லாவற்றையும் ஸ்டோரில் ஒரு குழி வெட்டி ஈர மணலில் புதைத்து வைத்தார். சாவியை என்னிடம் கொடுத்தார். குடிக்காதவன் என்று தேடிப் பிடித்துக் கொடுத்த சாவி. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

துரைக்கு ரிட்டயராகும் காலம் வந்தது. அடுத்த துரை பெண்சாதியோடு சேலத்தில் வந்து இறங்கியாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்களுக்குப் பங்களாவில் டின்னர்.

காதர் பாய் அந்தப் பங்களாவில் பதினெட்டு வருஷமாகக் குக். சேலம் டவுன்காரர். அன்று காலை துரை அவரைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். ஒரு பாட்டில் எடுத்துக் கொடுப்பதற்காக நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"காதர், புது துரை மெட்ராஸ்லேருந்து சொந்தக் குக் கொண்டுவர்றார். நான் வேண்டாம் சொன்னேன். கேக்கலை. இன்னிக்கு நீ சமைக்கிறதை அவர் சாப்பிடட்டும். அப்புறம் அவர் இஷ்டம்."

காதர் பாயின் முகம் வாடிவிட்டது. ஐம்பது வயதுக்கு மேல் எந்தப் பங்களாவில் போய்ப் புது வேலை கேட்பது? வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள். வேலை போன சமையற்காரனின் பெண்ணை யார் வந்து கேட்பார்கள்?

அதோடு துரை இன்னொரு குண்டையும் போட்டார். பாட்டிலைத் திறந்து, கிளாஸில் ஊற்றி, ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"இது ஷார்டொனேங்கிற திராட்சை. பிரான்ஸ் தேசம். வெள்ளை ஒயின் எல்லாம் சீக்கிரம் கெட்டுப்போகும். இது கெடாது, பழுக்கும். இதுக்கு வயசு பத்து. மூணு பாட்டில்தான் பாக்கி. இன்னிக்கு எல்லாச் சாப்பாடும் இதுக்குப் பொருத்தமா இருக்கணும், காதர்."

சொல்லிவிட்டு சர்ச்சுக்குப் போய்விட்டார்.

என்னைக் கேட்டால் அந்த பாட்டில் கெட்டுப்போய்விட்டது என்றே சொல்லியிருப்பேன். பேர்தான் வெள்ளை ஒயின். பார்த்தால் நல்லெண்ணெய் நிறத்தில் இருந்தது!

இத்தனை வருஷமும் எந்த ஒயினுக்கு எந்தக் கறி என்று சீட்டெழுதிக் கொடுத்தது துரையின் பெண்சாதி. அந்த அம்மாளுக்கு உடம்புக்கு முடியாமல் சீமைக்குப் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. துரைக்கோ சாப்பிடத் தெரியுமே தவிர, சொல்லத் தெரியாது. காதர் பாய் அடுப்பங்கரையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, நான் என்னத்தைச் சமைக்கிறது? இது எப்படி இருக்கும்னே தெரியாதே!"

"மோந்து பாருங்க பாய்."

"மோந்தாச்சு. வாசம் பாதிதான் சொல்லும். நாக்குல போய் இது என்ன பண்ணுதுன்னு தெரியணுமே. எனக்கு இது ஹராம். உயிரே போனாலும் தொட மாட்டேன். நீங்க... ஒரு வாய்..."

"நானுங்களா!"

"தோட்டக்காரன் இருக்கான். அவனுக்கு எதைக் குடுத்தாலும் நல்லாத்தான் இருக்கும். நீங்க ருசி தெரிஞ்சவங்க. குழம்புல உப்பு ஒரு கல்லு கூடினாலும் கண்டுபிடிக்கிற ஆளு. ஒரே ஒரு வாய், தம்பி. எம் பொண்ணை நெனச்சுக்குங்க."

மதுவிலக்கு ஜில்லா. பர்மிட் இல்லாதவன். அதுவும் சாவி வைத்திருக்கிறவன். வெளியே தெரிந்தால் வேலை போகும், ஜெயிலும் கிடைக்கும். அதைவிட, என் மைத்துனன் எடப்பாடியில் மதுவிலக்குத் தொண்டர். அவன் காதுக்குப் போனால் தொலைந்தேன்.

ஆனால் காதர் பாய் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்வீர்கள் நீங்கள்?

துரை வைத்துவிட்டுப் போன கிளாஸில் முக்கால்வாசி இருந்தது. காதர் பாய் அதை நகர்த்தினார்.

"பாய், அது எச்சிலுங்களே!"

அத்தனை கவலையிலும் மனிதர் சிரித்துவிட்டார். "குடிக்கிறதுக்குப் பயமில்லை, எச்சிலுக்குத்தான் பயமா?"

வேறு கண்ணாடி டம்ளர் எடுத்து, பாட்டிலிலிருந்து இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றினார். நான் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டேன். டம்ளரைத் தூக்கினேன். அண்ணாந்தேன். பாதியைத் தொண்டையில் ஊற்றினேன்.

பின்னே? நம் வீடுகளில் தண்ணீரோ மோரோ காப்பியோ, உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்துத்தானே பழக்கம்? வாய் வைத்துக் குடித்தால் அம்மா டம்ளரோடு சேர்த்து நம்மையும் கழுவி ஊற்றுவாளே!

"என்ன தம்பி, எப்படி இருக்கு?"

"புளிப்புங்க. தொண்டை எரியுதுங்க. வேற ஒண்ணுந் தெரியலீங்க."

புளிப்பு என்றதும் காதர் பாய் சுறுசுறுப்பாகிவிட்டார். புளிப்புக்குப் புளிப்பு, எரிச்சலுக்கு மிளகு. மீனுக்கு எலுமிச்சம்பழமும் மிளகும். கோழிக்குப் புதினாவும் பச்சை மிளகாயும். அம்மியில் மிளகைப் போட்டு நசுக்கவே ஆரம்பித்துவிட்டார். அப்புறம் எதற்கோ துரையின் கிளாஸை எடுத்து மறுபடி மோந்து பார்த்தார். மூக்கை எடுக்கவே இல்லை.

"தம்பி, இதுல நெய் வாசம் வருது. புளிப்புன்னு சொல்றீங்க?"

"எனக்கு வரலீங்களே பாய்."

"எப்படி வரும்? நீங்க எங்கே குடிச்சீங்க? புனல் வச்சு மண்ணெண்ணெய் ஊத்துற மாதிரி ஊத்திக்கிட்டீங்க! துரைமாரு குடிக்கிறதைப் பாத்ததில்லையா? உதட்டுல வச்சு, மூக்குக்குக் கீழே வச்சு, வாயிலயே கொஞ்ச நேரம் வச்சுக்கணும்."

ஆக, இரண்டாவது மிடறு. ஒன்று என்று சொன்னேன் அல்லவா? பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருந்ததை அவர் சொன்னபடியே வாய் வைத்துச் சப்பினேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால்... அடடா!

அது வேறு வஸ்து. அதற்குள் டம்ளரில் இருந்த குளிர்ச்சியும் விட்டிருந்தது. முதலில் நெய் காய்ச்சி இறக்கும்போது வருகிற வாசம். அதன் பின்னால் சுட்ட கடலைக்காய். தேன் வாசமும் இருக்கிறது, ஆனால் தித்திப்பு இல்லை – தேன் இருந்த பாத்திரத்தைக் கழுவி வைத்த மாதிரி. கடைசியில், விழுங்கின பிறகு, வேறு ஏதோ ஒன்று. தெரிந்த வாசம், பேர் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். துரை ஏன் கண்ணை மூடினார் என்பது அப்போதுதான் புரிந்தது.

"பாய்! காளானுங்க! இடி இடிச்சு மழ பேஞ்ச மறுநாள் காட்டுல காளான் புடுங்கறப்ப மண்ணோட சேந்து ஒரு வாசம் வருமே, அதுங்க!"

காதர் பாய் மிளகை அம்மியோடு ஒதுக்கினார். "இப்பச் சொல்லுங்க தம்பி. இப்பத்தான் வழிக்கு வந்தீங்க."

பிறகு பரீட்சை ஆரம்பமாயிற்று. எலுமிச்சங்காய் ஊறுகாயில் ஒரு துணுக்கு என் நாக்கில் வைத்து, மேலே ஒரு மிடறு கொடுத்தார். மூன்று. ஒயின் போன இடமே தெரியவில்லை. காரம் உட்கார்ந்த நாக்கில் வேறு யாருக்கும் இடம் கிடையாது. அடுத்து, அடுப்பங்கரையில் பெருமையாக வைத்திருந்த சேலத்து மாம்பழத்தில் ஒரு கீற்று. மேலே ஒரு மிடறு. நான்கு. அவ்வளவு நல்ல ஒயின் வெறும் புளித்தண்ணீராகிவிட்டது. மாம்பழத்தின் மேல் தப்பில்லை, ஒயின் மேலும் தப்பில்லை. இரண்டையும் ஒரே வீட்டில் குடி வைத்ததுதான் தப்பு.

கடைசியில் ஒரு ரொட்டித் துண்டை வெண்ணெயில் பொரித்துக் கொடுத்தார். உப்பு மட்டும் லேசாக. அதைக் கடித்து, மேலே ஒரு மிடறு. ஐந்து.

ரொட்டியும் நன்றாக இருந்தது, ஒயினும் நன்றாக இருந்தது. ஒன்று இன்னொன்றைக் கூப்பிட்டது. காதர் பாய் என் முகத்தைப் பார்த்தார்.

"போதும் தம்பி. புரிஞ்சுபோச்சு."

கொல்லைப்பக்கம் ஓடி ஆள் தேடினார். பனமரத்துப்பட்டி ஏரியில் விரால் மீன் வாங்கிவர ஒருவனை சைக்கிளில் அனுப்பினார். இரண்டு நாள் முன்புதான் இடி மழை பெய்திருந்தது. காளான் கொண்டுவந்து விற்கும் ஒரு பெண்பிள்ளையைப் பிடிக்கத் தோட்டக்காரன் ஓடினான். நான் வாசம் தெரியாமலிருக்க ஒரு கவுளி வெற்றிலையை மென்றுகொண்டே வீட்டுக்குப் போய், தலைவலி என்று படுத்துக்கொண்டேன். என் சம்சாரம் சுக்குப் பற்றுப் போட்டாள். பாவம்.

சாயங்காலம் மற்ற இரண்டு பாட்டில்களோடு போனேன். ஏழு மணிக்கு டின்னர். வெண்ணெயில் வதக்கிய காளான், உப்பு மட்டும். விரால், எலுமிச்சம்பழம் கிட்டேயே வரவில்லை. நாட்டுக்கோழி, கடலைக்காயை வறுத்து அரைத்துத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவைத்தது, மிளகாய் கிடையாது. மாம்பழம் ஒயின் தீர்ந்த பிறகுதான் மேஜைக்குப் போயிற்று.

புது துரையின் பெண்சாதி காளானை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். அவ்வளவுதான், மெட்ராஸ் குக்கின் கதை முடிந்தது. சமைத்தவரைக் கூப்பிடச் சொன்னார்கள். காதர் பாய் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு போய் நின்றார். நான் கதவோரம் நின்றேன். பழைய துரை ஒரு கிளாஸ் ஊற்றி அவரிடம் நீட்டினார்.

"காதர், எனக்காக. ஒரு கிளாஸ்."

"மன்னிக்கணும் துரை. எங்க மார்க்கத்துல கூடாது."

"பின்னே எப்படி? குடிக்காம எப்படி இவ்வளவு சரியா சமைச்சே?"

'கிளார்க் குடித்துப் பார்த்துச் சொன்னார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காதர் பாய் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"வாசத்துல தெரிஞ்சுது துரை."

துரை நம்பவில்லை. கடகடவென்று சிரித்தார். "திருடா!" என்று காதர் பாயின் தோளில் தட்டினார். திருட்டுத்தனமாகக் குடிக்கிறவர் என்றே முடிவு கட்டிவிட்டார். அவருக்கு அதில் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தோடு ஊருக்குப் புறப்படும் முன் ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். காதர் பாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. என்னிடம் கொண்டுவந்து, "படிச்சுச் சொல்லுங்க தம்பி" என்றார். நேர்மையானவர், சுத்தமானவர் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கீழே ஒரு வரி: ஒயினை ருசி பார்த்து அதற்குத் தக்கபடி சமைப்பதில் காதருக்கு இணையாக இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

அந்த வரியை நான் படிக்கவில்லை. "உங்க சமையலப் பத்தி ஓகோன்னு எழுதியிருக்காருங்க பாய்" என்று மடித்துக் கொடுத்துவிட்டேன்.

ஏன்? சொன்னால் அவர் அதைத் திருப்பிக் கொண்டுபோய் மாற்றி எழுதச் சொல்வார். அப்படியானால் குடித்தது யார் என்று துரை கேட்பார். பேச்சு என்னிடம் வந்து நிற்கும். பயம், சார். வேறு ஒன்றுமில்லை.

ஆறு மாதம் கழித்து அவர் பெண்ணுக்குத் திருச்செங்கோட்டில் ஒரு நல்ல இடம் வந்தது. ஜவுளி வியாபாரக் குடும்பம். பேசி முடிக்க வந்தவர்களிடம், பெருமைக்காக அந்த சர்டிபிகேட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். மாப்பிள்ளையின் மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியும். சபை நடுவில் உரக்கப் படித்துத் தமிழிலும் சொல்லிவிட்டார்.

மறுநாள் காதர் பாய் ஸ்டோருக்கு வந்தார். அவரை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை.

"ஏன் தம்பி மறைச்சீங்க? நான் உங்க பேரை மறைச்சேன். நீங்க எங்கிட்டயே மறைக்கலாமா?"

"தப்புத்தானுங்க பாய். நானே வாரேனுங்க. வந்து எல்லாரு முன்னாலயும் சொல்லிப்புடறேன்."

அதைக் கேட்டதும் அவர் கோபம் இறங்கிவிட்டது. "வேண்டாம். உங்க வேலை போயிடும். பச்சைப் புள்ளைக்காரர் நீங்க. நான் குடிக்கலைன்னு அல்லாவுக்குத் தெரியும்... விடுங்க."

நான் விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த காரியம். வேண்டாம் என்று அவர் ஒரு தடவை சொன்னதும், நல்லவேளை என்று விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளைப் பையன் பிடிவாதமாக நின்றதால் கல்யாணம் நடந்தது. ஆனால் பேர் ஒட்டிக்கொண்டது. 'ஒயின் பாய்'. இப்போது வயதாகி மகள் வீட்டோடு திருச்செங்கோட்டில் இருக்கிறார். ஐந்து வேளை தொழுகிற மனிதர். பேரன் பேத்திகள் காதுபட ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது.

போன வாரம் நான் 'ஆமாம், குடித்திருக்கிறேன்' என்று சொல்லியிருந்தால் அந்தப் பேர் அங்கேயே செத்திருக்கும். இப்போது அந்தக் கம்பெனி வேலை எனக்கு இல்லை. பயப்படுவதற்கு ஒன்றுமே இல்லை. வெறும் மாலைக்காகப் பொய் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

கூட்டம் முடிந்து இறங்கினபோது அவரே கிட்டே வந்தார். "சௌக்கியமா தம்பி? வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா? நல்லாப் பேசினீங்க" என்றார். ஒரு சொல் குத்தலாக இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

திருச்செங்கோட்டு வாசகர்களே, இனி யாராவது அவரை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். அந்த ஒயினைக் குடித்தது நான்.

காதர் பாய், ஐந்து மிடறு உங்களுக்குத் தெரியும். மீன் வாங்க ஆள் தேடி நீங்கள் கொல்லைப்பக்கம் போனபோது ஆறாவதாக ஒன்று குடித்தேன் – அதற்கும் உங்கள் சமையலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.